எண்ணுகிறவரும் வாதாடுகிறவரும்

பெங்களூர் மத்தியச் சிறை இருக்கும் பரப்பன அக்ரஹாரம் என்ற பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கமானது 2014 செப்டம்பர் 27 அன்று. சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்த சிறப்பு நீதிமன்றம் அன்று அந்தச் சிறை வளாகத்திலேயே கூடியது. உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்து அவர் வெளியே வரும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், தொலைக்காட்சி வண்டிகள் அந்தச் சாலையை விட்டு நகரவில்லை. 2017 பிப்ரவரியில் சசிகலா உள்ளே போனபோதும் அதே கூட்டம். ஓசூர் சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய அந்த மதிலுக்குள் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இருப்பது அப்போது செய்தியாகவில்லை. அது எப்போதுமே செய்தியாவதில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்புப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 சதவீதம், விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் படுத்திருந்தார்கள். இவர்களில் ஒருவர் ஏன் உள்ளே இருக்கிறார் என்று கேட்டால் அவருடைய வக்கீல் பதில் சொல்லக்கூடும். இத்தனை பேர் ஏன் இருக்கிறார்கள், எந்த ஏற்பாட்டை மாற்றினால் எத்தனை பேர் வெளியே வருவார்கள், போன ஆண்டு மாற்றிய ஏற்பாட்டால் உண்மையிலேயே யாராவது வந்தார்களா என்று கேட்டால் பதில் சொல்ல நம்மிடம் ஆளில்லை. அந்த ஆள் யாராக இருக்கவேண்டும், அவருக்கு ஏன் இங்கே ஒரு தொழில் அமையவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பெங்களூரில் இந்தக் கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அரசுத் திட்டங்களை அளந்து பார்க்கும் தொழிலும், குற்ற நீதிக்காக வாதாடும் தொழிலும் தனித்தனியே நன்றாக வேரூன்றிய ஊர் இது. வி.கே.ஆர்.வி. ராவ் 1972இல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் நாகரபாவியில் இருக்கிறது. 1993இல் சாமுவேல் பால் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூடம் பிள்ளைக்கு மதிப்பெண் அட்டை கொடுப்பதைப்போல, மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் பெங்களூர்க் குடிமக்களைக் கொண்டே மதிப்பெண் போடவைத்தார். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் சேவையில் திருப்தி என்று சொன்னவர் நூற்றுக்கு ஒருவர்தான். அந்த அட்டையிலிருந்து பொது விவகார மையம் என்ற நிறுவனம் பிறந்தது. 1999இலும் 2003இலும் அதே கேள்விகளோடு மறுபடி வீடு வீடாகப் போனார்கள். 2003இல் மதிப்பெண் கணிசமாக ஏறியிருந்தது. 2011இல் மாநில அரசே கர்நாடக மதிப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. அந்தப் பக்கம் இப்படி. இந்தப் பக்கம், மாதவ மேனன் கட்டியெழுப்பிய தேசிய சட்டப் பள்ளி, அதுவும் நாகரபாவியிலேயே. 2000இல் தொடங்கிய மாற்றுச் சட்ட மன்றம், 2008இல் தொடங்கி, பின்னர் நீதிமன்றத் தாமதங்களைக் கணக்கெடுக்க வந்த தக்ஷ். ஒரே பேட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில், ஒரு வீட்டார் விதவை உதவித்தொகை போய்ச் சேர்ந்ததா என்று அளக்கிறார்கள். இன்னொரு வீட்டார் ஜாமீன் மனு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஜாமீன் கிடைத்தவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்பது இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் கிடக்கிறது.

அப்படிக் கிடப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். சுதந்திர இந்தியா மதிப்பீட்டை மிகச் சீக்கிரமே தொடங்கியது. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய 1952ஆம் ஆண்டிலேயே, அதை அளப்பதற்கென்று திட்டக் குழுவின்கீழ் ஒரு மதிப்பீட்டு அமைப்பு வந்துவிட்டது. ஆனால் அளக்கப்படுவது ‘திட்டம்’ என்ற தலைப்பில் பணம் போகும் இடம் மட்டுமே என்பது அன்றே வழக்கமாயிற்று. விதை, கிணறு, சத்துணவு, விடுதி, உதவித்தொகை இவையெல்லாம் திட்டம். இவற்றுக்குப் பயனாளி உண்டு, இலக்கு உண்டு. காவல் நிலையமும் நீதிமன்றமும் சிறையும் அரசின் நிரந்தர உறுப்புகள். கை கால் வேலை செய்கிறதா என்று யாரும் தினமும் அளப்பதில்லை அல்லவா, அந்தக் கணக்கு. தவிர, விசாரணைக் கைதியைப் பயனாளி என்று எழுத எந்த அலுவலருக்கும் கை வராது. இதன் விளைவை இலவசச் சட்ட உதவியின் ஆண்டறிக்கைகளில் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை விழிப்புணர்வு முகாம், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை பேருக்கு வக்கீல் நியமிக்கப்பட்டார் என்ற எண்கள் அந்த அறிக்கைகளில் தாராளமாக உண்டு. நியமிக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரை ஒருமுறையாவது நேரில் பார்த்தாரா, அவர் வந்ததால் உள்ளிருந்த நாட்கள் குறைந்தனவா என்பது வேறு கணக்கு. முன்னது செய்த வேலையின் கணக்கு, பின்னது விளைந்த பலனின் கணக்கு. மதிப்பீடு என்ற தொழிலின் பால பாடமே இந்த வேறுபாடுதான்.

எண்ணுவதும் வாதாடுவதும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. இந்தியாவின் முதல் பொதுநல வழக்கு என்று பொதுவாகச் சொல்லப்படும் ஹுசைனாரா காத்தூன் வழக்கு அப்படிச் சேர்ந்ததால்தான் பிறந்தது. தேசிய போலீஸ் கமிஷன் உறுப்பினராக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி என்ற காவல்துறை அதிகாரி பீகார்ச் சிறைகளைப் போய்ப் பார்த்தார். யார் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறார், அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை என்ன என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். குற்றம் உறுதியானாலும் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட நெடுங்காலம், விசாரணையே தொடங்காமல் மனிதர்கள் அடைபட்டிருந்தார்கள். வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார். விரைவான விசாரணை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்று நீதிபதி பகவதி எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகச் சுமார் 40,000 பேர் விடுதலையானதாகச் சொல்லப்படுகிறது. ருஸ்தம்ஜியிடம் கணக்கு இருந்தது, வாதிட இடமில்லை. ஹிங்கோரானியிடம் இடம் இருந்தது. கணக்கு இல்லாமல் போயிருந்தால் அது ஓர் ஏழைப் பெண்ணின் ஜாமீன் மனுவாக முடிந்திருக்கும். தீர்ப்பைப் பாடப் புத்தகத்தில் சேர்த்த நாம், அந்தக் கணக்கை எடுத்த வேலைக்கு ஒரு பதவியோ படிப்போ உண்டாக்க மறந்துவிட்டோம்.

அதே வழக்கில் பகவதி இன்னொன்றையும் குறிப்பிட்டார்: நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம். இந்தியச் சட்டத்துக்குள் ஒரு மதிப்பீட்டாய்வு கடல் கடந்து வந்து சேர்ந்த அபூர்வமான தருணம் அது. 1961இல் வீரா என்ற அறக்கட்டளை அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. கைதானவர்களைச் சட்ட மாணவர்கள் போய்ப் பார்த்தார்கள். எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறாய், வேலை உண்டா, குடும்பம் உண்டா என்று கேட்டுப் புள்ளி போட்டார்கள். தகுதியானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைப் பணமில்லாமல் சொந்தப் பிணையில் விடலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். மறு பாதியினரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பரிந்துரை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். பரிந்துரை இல்லாதவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். முதல் மூன்று ஆண்டில் அப்படி விடப்பட்ட 3,505 பேரில் வேண்டுமென்றே வாய்தாவுக்கு வராதவர்கள் 56 பேர், நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1966இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஜாமீன் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்த எண்கள் பெரிய காரணம். மறு பாதியினரைப் பற்றிப் பேசாமல் இருந்தது மனிதநேயமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒப்பீடு இல்லாமல் போயிருந்தால், ‘நல்லவர்களாகப் பார்த்து விட்டீர்கள், அவர்கள் எப்படியும் வெளியே வந்திருப்பார்கள், வாய்தாவுக்கும் வந்திருப்பார்கள்’ என்று அரசு வக்கீல் ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார். தலையிடாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பதில் வைத்திருப்பவரைத்தான் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் எளிதில் தள்ள முடியாது.

இங்கே நிலைமை வேறு விதமாக நகர்ந்தது. 1978இல் மோத்தி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டதையும், வேறு மாவட்டத்தில் சொத்துள்ளவர் என்பதற்காக அவருடைய ஜாமீன்தாரரைக் கீழ் நீதிமன்றம் ஏற்காததையும் கண்டித்தார். ஒரு தமிழனோ கன்னடியனோ மலையாளியோ தூர தேசத்தில் கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே போய்த் தேடுவான் என்பது அந்தத் தீர்ப்பின் கேள்வி. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வருகிறவரை மனத்தில் வைத்து அதைப் படித்தால் இன்றும் அந்தக் கேள்வி பழசாகவில்லை. இவருடைய மாமனிடம் இருப்பது தமிழ்நாட்டுச் சிட்டா; பெங்களூரில் ஜாமீனுக்கு வழக்கமாகக் காட்டுவது கர்நாடக நிலப் பதிவான பஹணி. குற்றப்பத்திரிகை கன்னடத்தில் இருக்கும். இந்த இரண்டு காரணங்களால் எத்தனை நாள் கூடுதலாக உள்ளே கழிகிறது? ஆண்டுதோறும் வரும் சிறைப் புள்ளிவிவரத்தில் வயது, படிப்பு, மதம், சாதிப் பிரிவு, எந்த மாநிலத்தவர் என்பவை உண்டு. எந்த மொழி புரியும் என்பது இல்லை. கட்டமே இல்லாத இடத்தில் எண் எப்படி விழும்? கூலிக்கு ஜாமீன் நிற்பவர்களை நீதிமன்ற வளாகங்கள் எல்லோருக்கும் தெரிந்தே சகித்துக்கொண்டிருக்கின்றன. தீர்ப்பு சொன்னதற்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை யாரும் அளக்காததால், அந்தத் தூரத்தில் ஒரு சந்தை முளைத்துவிட்டது.

2022 நவம்பர் 26, அரசியல் சாசன நாளில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, எழுதி வைத்த உரையை விட்டு விலகி, ஏழைக் கைதிகளைப் பற்றி நீதிபதிகளின் முன்னால் பேசினார். அதன்பின் எடுத்த கணக்கில், ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வெளியே வர முடியாமல் சுமார் 5,000 பேர் நாடு முழுதும் சிறைகளில் இருப்பது தெரிந்தது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்தில் கைதி வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது: ஆண்டுக்கு 20 கோடி ரூபாய், ஜாமீன் தொகைக்காக விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரை. கேட்பதற்கு நல்ல திட்டம். ஆனால் மாநிலங்கள் இந்தப் பணத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று உள்துறை அமைச்சகம் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதவேண்டி வந்தது. இங்கேதான் மதிப்பீட்டாளரின் கண் வேண்டும். பணம் செலவாகாததற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியமாக இருக்கலாம். போதைப்பொருள் போன்ற சில சட்டங்களின் கீழ் வந்தவர்களைத் திட்டம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. தகுதியானவர்கள் அதனால் குறைந்திருக்கலாம். பலருக்குத் தடை பணமே அல்லாமல் இருக்கலாம்: ஜாமீன் நிற்க ஆள் இல்லை, அடையாளச் சான்று இல்லை, ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்தும் இன்னொரு வழக்கு பாக்கி. தடை ஆள் என்றால் பணத்தை இரட்டிப்பாக்கினாலும் ஒருவர்கூடக் கூடுதலாக வெளியே வரமாட்டார். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு சிறைக்குள் ஆறு மாதம் உட்கார்ந்து பதிவேட்டைப் படிக்கிற ஆள் போதும். வழக்கறிஞருக்கு அதற்கு நேரமில்லை, பொருளாதார ஆய்வாளருக்கு ரிமாண்ட் உத்தரவைப் படிக்கத் தெரியாது.

கர்நாடகம்தான் நீதி வழங்குவதில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறதே என்று யாரேனும் சொல்லக்கூடும். உண்மைதான். இந்திய நீதி அறிக்கையின் 2022, 2025 பதிப்புகள் இரண்டிலும் பெரிய மாநிலங்களில் கர்நாடகத்துக்கே முதலிடம். நல்ல உழைப்பில் விளைந்த தரவரிசை அது. காவல், நீதிமன்றம், சிறை, சட்ட உதவி நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அதுதான் கொண்டுவந்தது. ஆனால் அது அளப்பது பெரும்பாலும் கொள்திறனை: காலிப் பணியிடம் எத்தனை, நிதி எவ்வளவு, பெண்களின் பங்கு எவ்வளவு, ஒதுக்கீடு நிரம்பியதா. அரிசியும் பாத்திரமும் இருப்பதைச் சொல்லும் அறிக்கை. சோறு வெந்ததா என்பது அதன் கேள்வியல்ல. வழக்காடுகிறவரின் பக்கத்திலிருந்து கேட்ட ஆய்வும் இந்த ஊரிலிருந்தே வந்தது. தக்ஷ் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 24 மாநிலங்களில் 9,000க்கும் மேற்பட்ட வழக்காளிகளிடம், ஒரு வாய்தாவுக்கு வந்துபோக என்ன செலவு, அன்றைய கூலி எவ்வளவு போயிற்று என்று கேட்டார்கள். நீதிமன்றத்தின் கணக்கில் வாய்தா என்பது ஒரு தேதி, தினக்கூலிக்காரரின் கணக்கில் ஒரு நாள் சம்பளம். இரண்டாவது கணக்கைக் கேட்க ஒருவருக்குத் தோன்றவேண்டும். தோன்றுவதற்கு வழக்காடுகிறவர் பக்கம் நின்று பார்த்திருக்கவேண்டும்.

இங்கேதான் முதல் ஆட்சேபம் வரும். பக்கம் நிற்பவர் எப்படி நடுநிலையாக அளப்பார்? கைதிகளை வெளியே கொண்டுவரவேண்டும் என்று முன்பே முடிவுகட்டிவிட்டவர் எடுக்கும் கணக்கு அந்த முடிவையே காட்டாதா? எளிதில் தள்ளக்கூடிய ஆட்சேபமல்ல. ஆனால் இதில் மறைந்திருக்கும் அனுமானம் ஒன்று உண்டு: பக்கம் சாராத மதிப்பீட்டாளர் வேறெங்கோ இருக்கிறார் என்பது. ஒரு துறை தன் திட்டத்தைத் தானே ஆள் வைத்து அளந்து, அறிக்கையின் வரைவைத் தானே திருத்தி, பிடித்தால் வெளியிடும் ஏற்பாட்டில் நடுநிலை எங்கே இருக்கிறது? சார்பு எல்லோருக்கும் உண்டு. பாதுகாப்பு முறையில்தான் இருக்கிறது. கேள்வியை முன்கூட்டியே எழுதிப் பகிரங்கமாக்குவது, தரவை மற்றவர் சரிபார்க்கத் திறந்து வைப்பது, தனக்குக் கசக்கும் முடிவையும் அச்சிடுவது இவையே அந்த முறை. ராஜஸ்தானில் 11 மாவட்டங்களின் 162 காவல் நிலையங்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் நடத்திய சோதனையில் நீனா சிங் என்ற ஐ.பி.எஸ். அதிகாரியும் பங்காளி, துறைக்கு உள்ளேயிருந்து சீர்திருத்தம் விரும்பியவர். பயிற்சியும், அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்தியதும் பலன் தந்தன என்று அவர்கள் எழுதினார்கள். ஊர்ப் பார்வையாளரை நிலையத்தில் உட்காரவைத்ததும், வார விடுமுறையும் பலன் தரவில்லை, ஏனென்றால் அவை ஒழுங்காக நடக்கவே இல்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். சீர்திருத்தக்காரரின் காதுக்கு இனிக்கும் செய்தியல்ல அது. மரண தண்டனைக் கைதிகளின் பக்கம் வெளிப்படையாக நின்ற டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் குழு, 2016இல் 385 கைதிகளில் 373 பேரின் விவரத்தைத் திரட்டி, அவர்களில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று காட்டியது. மரண தண்டனையை ஆதரிக்கிறவரும் அந்த எண்ணோடு வாதாடலாம். அவரும் ஏதாவது எண்ணவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. அதை எழுப்புகிறவர்கள் மனித உரிமைக்காரர்களே. எண் இருபுறமும் கூரான கத்தி என்பார்கள். ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் கைதிகளைத் திருத்தும் திட்டங்களைப் பற்றிய 231 ஆய்வுகளைச் சலித்து, 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். எதுவும் பலிப்பதில்லை என்பதே அதன் சாரம் என்று நாடு புரிந்துகொண்டது. சிறையில் கல்வியும் தொழிற்பயிற்சியும் வீண்செலவு என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது வேதமாயிற்று. 1979இல் அவரே தன் முடிவைப் பெருமளவு திரும்பப் பெற்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதற்குள் கடுந்தண்டனைக் காலம் தொடங்கிவிட்டது. இந்தக் கதையை மதிப்பீட்டுக்கு எதிராகச் சொல்வதுண்டு. எனக்கு அது எதிர்த்திசையில் கேட்கிறது. மார்ட்டின்சனின் பிழை எண்ணியதில் இல்லை; தன் எண்கள் யார் கையில் எப்படிப் போகும் என்ற உணர்வில்லாமல் எழுதியதில் இருந்தது. முதல் கட்டுரைக்கு மேடை போட்டவர்கள் இருந்தார்கள், இரண்டாவதை எடுத்துக்கொண்டு சட்டமன்றத்துக்கு நடக்க ஆளில்லை. வாதாடத் தெரியாத எண் அநாதை. வலியவர் வீட்டில்தான் அது வளரும்.

எண்ணுக்குள் அகப்படாதவையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும் அறை பிரிப்பதும் சட்டவிரோதம் என்றது. அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் வருகிறது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். அவர் கைதிகளாக இருந்தவர்களிடம் பேசினார், மாநிலங்களின் சிறைக் கையேடுகளைப் படித்தார். துப்புரவு வேலை யாருக்கு, சமையல் யாருக்கு என்று அச்சிட்ட விதியிலேயே சாதி இருந்தது. சிறைப் புள்ளிவிவரத் தொகுப்பு பல ஆண்டுகளாகக் கைதிகளைச் சாதிப் பிரிவுவாரியாக எண்ணித் தந்துகொண்டேதான் இருந்தது. உள்ளே அந்தச் சாதி என்ன வேலை செய்கிறது என்று அது கேட்டதில்லை. ஆகவே மதிப்பீட்டாளர் என்று நான் சொல்லும் ஆள் மேசையில் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பவர் மட்டுமல்ல. எந்தக் கட்டத்தைப் புதிதாகப் போடவேண்டும் என்று கைதியிடமும் காவலரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை உள்ளவர். அதே தீர்ப்பை எடுத்துக்கொண்டால் வேறொன்றும் தோன்றுகிறது. கையேடு திருத்தப்பட்ட பிறகு அறைகளும் வேலைகளும் மாறினவா என்பதைக் கண்டறிய மறுபடி எண்ணத்தான் வேண்டும். செய்தி அநீதியைக் கண்டுபிடித்தது. அது ஒழிந்ததா என்று ஆண்டுக்காண்டு திரும்பி வந்து பார்க்கும் வேலை செய்திக்கு உரியதல்ல.

இனி, சோற்றுக்கு வழி. இந்த வேலையைத் தொழிலாக எடுக்க ஒரு பிள்ளை விரும்பினால் வீட்டில் என்ன கேட்பார்கள் என்பது தெரிந்ததே, அந்தக் கேள்வியில் தவறும் இல்லை. தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் பொதுக் கொள்கையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிப் படிப்பு இருக்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் குற்றவியலும் சீர்திருத்த நிர்வாகமும் பழைய பாடம், அதன் ‘பிரயாஸ்’ 1990 முதல் சிறைக்குள் சமூகப் பணியாளர்களை அனுப்பி வருகிறது. படிப்பு இல்லாமல் இல்லை. படித்தபின் கிடைப்பது பெரும்பாலும் நன்கொடையாளரின் ஒன்றரை, இரண்டு ஆண்டுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. ஒரு குற்ற வழக்கு கைதில் தொடங்கித் தீர்ப்பில் முடிவதற்குள் இரண்டு மூன்று திட்டங்கள் முடிந்து ஆட்கள் மாறிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவின் வரம்பை 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடுத்தது. ஆய்வு நிறுவனத்தின் செலவே சம்பளம்தான் என்பதால் அடி எங்கே விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வும் பிரசாரமும் நடத்திய ஆம்னெஸ்டியின் இந்தியப் பிரிவு, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டபின் 2020 செப்டம்பரில் வேலையை நிறுத்தியது. விதிமீறல் என்றது அரசு, பழிவாங்கல் என்றது அமைப்பு. யார் சொன்னது சரி என்பதைத் தாண்டி ஒரு விளைவு உண்டு. கர்நாடகச் சிறைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஒரு நினைவு கலைந்துபோயிற்று. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இந்த ஊரில் ஏராளம்; அது பள்ளிக்கூடத்துக்கும் ஏரிக்கும் போகும், சிறை வாசலில் தன் பெயர்ப் பலகையை மாட்ட எந்தக் கம்பெனி விரும்பும்?

அதனால் இந்தத் தொழிலுக்கான நிரந்தர இடம் அரசின் உள்ளேயே உண்டாகவேண்டும் என்பது என் கருத்து. அரசுக்குள் போனால் வாய் கட்டப்படும் என்ற அச்சம் தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். இதற்குப் புதிதாகச் சட்டம் போடவேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் ஏற்கெனவே ஓர் அலுவலரைப் படைத்திருக்கிறது. குற்றவாளியின் குடும்பம், பழக்கம், வேலை எல்லாம் விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர், மன்ஹாட்டன் மாணவர்கள் செய்ததைப் போன்ற வேலையை அவர்களுக்கு முன்பே செய்யப் பணிக்கப்பட்டவர். அந்தப் பதவியை நாம் பத்தோடு பதினொன்றாக விட்டுவிட்டோம். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை விதிக்குமுன் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளைப் பெறவேண்டும் என்று சொன்னபோது அந்தப் பதவிக்கு மறுபடி உயிர் வந்தது. தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் போனவருக்குக் கிடைக்கும் இந்த விசாரிப்பு, 500 ரூபாய் திருட்டுக்காக ரிமாண்டில் இருப்பவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கலாம். கர்நாடக மதிப்பீட்டு ஆணையம் கைவசம் இருக்கிறது. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. முன்னதன் ஆய்வு முறையும் பின்னதன் சிறை அனுமதியும் சேர்ந்தால், ஒவ்வொரு மத்தியச் சிறைக்கும் இரண்டு மதிப்பீட்டு அலுவலர்களைப் போட ஆகும் செலவு, கூடுதலாக அடைத்து வைத்திருப்பவர்களின் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிதாக இருக்காது. ஒரே நிபந்தனை: அறிக்கை துறைக்குப் போகும் நாளிலேயே சட்டமன்றத்திலும் வைக்கப்படவேண்டும். வாய் கட்டப்படாமலிருக்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் எதை எண்ணலாம் என்றும் சொல்லிவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் அது கிடையாது. பழைய சட்டத்தின் கீழ் உள்ளே போனவர்களுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதியானவர்களைக் கண்டுபிடித்து நீதிமன்றத்துக்கு எழுதவேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. பரப்பன அக்ரஹாரத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு ஒருவருக்கு எந்தத் தேதியில் முடிகிறது, கண்காணிப்பாளரின் கடிதம் எந்தத் தேதியில் போனது, நீதிபதி எந்தத் தேதியில் உத்தரவிட்டார், வாசல் எந்தத் தேதியில் திறந்தது: நான்கு தேதிகள், ஒரு நோட்டுப் புத்தகம். ருஸ்தம்ஜியிடம் இருந்தது இரண்டு எண்கள்தான்.